ஆள் வெச்சிட்டுப் போ

நானும் என் வீட்டுக்காரரும் அந்தக் கம்பெனியில் பல வருஷம் இருந்தோம். அத்தனை காலத்தில் ஒரு நாள்கூட இரண்டு பேரும் சேர்ந்து அதன் கேட்டைத் தாண்டியதில்லை. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் பூட்டு, சங்கிலி, நாய் என்று எதையெதையோ நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி எதுவும் கிடையாது. பின்பக்கத்துச் சுவர் ஒரு ஐப்பசி மழையில் சரிந்து விழுந்தது. அதை யாரும் திருப்பிக் கட்டக்கூட இல்லை. அந்த வழியாக ஆடுகள் உள்ளே வந்து மேய்ந்துவிட்டுப் போகும். நாங்கள் அவற்றை விரட்டுவோம். நாங்கள் அந்த வழியாகப் போனதில்லை.

விருத்தாசலத்தில் செராமிக் என்றால் எல்லோருக்கும் அரசாங்கத் தொழிற்பேட்டைதான் நினைவுக்கு வரும். எங்கள் கம்பெனி அங்கே இல்லை. ஊரைத் தாண்டி, கம்மாபுரம் போகிற ரோட்டை விட்டு விலகி, முந்திரித் தோப்புகளுக்கு நடுவே தனியாக இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகைகள், ஒரு சூளை, கல்மாவு அரைக்கிற அறை, சுவரோரமாக எங்களுக்கு வரிசை வீடுகள். கப்பு, ஃபியூஸ் கட்டை, கொலு பொம்மை எல்லாம் செய்தோம். நான் பொம்மைப் பக்கம். கூழாகக் கரைத்த மண்ணை அச்சில் ஊற்றி, ஓரத்தில் தோல் மாதிரி படிந்ததும் மிச்சக் கூழைக் கொட்டிவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் பொம்மை உள்ளே கனத்துச் சூளையில் வெடித்துவிடும். அவர் அரவையில். அங்கே நாள் முழுக்க வெள்ளைத் தூசி பறக்கும். மத்தியானம் சாப்பிட வரும்போது புருவம், மீசை எல்லாம் நரைத்திருக்கும்.

"பாரு நாயகி, உனக்குக் கெழவனைக் கட்டி வெச்சிட்டாங்க" என்பார்.

அவர் பெயர் சிங்காரவேல். என்னுடையது பெரியநாயகி. நல்லூர் பக்கத்துக் குயவர் குடும்பம். மாமியாரின் ஆபரேஷனுக்கு முதலாளி ராஜாங்கத்திடம் முன்பணம் வாங்கிக்கொண்டு அங்கே வந்தோம். மாமியார் போய்விட்டார், முன்பணம் போகவில்லை. அதைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

கம்பெனியில் ஒரே ஒரு சட்டம்தான். குடும்பத்தில் யாராவது வெளியே போவதென்றால் இன்னொருவர் உள்ளே இருக்க வேண்டும். கல்யாணம், சாவு, பிரசவம், திருவிழா எதுவானாலும் சரி. இதற்கு 'ஆள் வைக்கிறது' என்று பெயர். கேட்டில் கொளஞ்சி என்று ஒருத்தர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்றெல்லாம் கேட்க மாட்டார்.

"யாரை வெச்சிட்டுப் போற?" என்று மட்டும் கேட்பார்.

"அவரை வெச்சிட்டுப் போறேண்ணே" என்று சொல்லிவிட்டு நான் போவேன்.

என் வீட்டுக்காரர் அவரிடம் விளையாடுவார். "கொளஞ்சி, என்னை நல்லாப் பாத்து வாங்கி வெச்சுக்க. அப்புறம் தேஞ்சிருக்குது, உரசிப் பாக்கணும்னு சொல்லக் கூடாது."

"யோவ், உன்னை உரசினா கல்மாவுதான்யா உதிரும்" என்பார் கொளஞ்சி.

எல்லோரும் சிரிப்போம். அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டு மாரியம்மாளும் அவள் புருஷன் ஜெயராஜும் ஒவ்வொரு மாசி மகத்துக்கும் யார் போவது என்று ஒரு வாரம் சண்டை போடுவார்கள். போனவர் வாங்கி வந்த பொரியை இருந்தவர் தின்பார். எங்களுக்குள் 'போவோம்' என்றால் வீட்டுக்கு ஒருவர் போவது என்று அர்த்தம். 'போன வருஷம் கல்யாணத்துக்குப் போனோம்' என்று ஜெயராஜ் சொன்னால், அவர் போனார், மாரியம்மாள் அறையில் இருந்தாள் என்று தெரிந்துகொள்வோம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. புதிதாக வந்தவர்கள்கூடக் கொஞ்ச நாளில் அப்படித்தான் பேசினார்கள்.

எங்கள் பெண் சந்திரலேகா வேப்பூரில் என் அக்கா அமிர்தம் வீட்டில் பிறந்து அங்கேயே வளர்ந்தாள். அக்கா வீட்டுக்காரர் ஹைவேயில் லாரிக்காரர்களுக்குச் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். பிள்ளை பிறந்தபோது இவர் கம்பெனியில் இருந்தார். நான் திரும்பி வந்த பிறகு இவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "மூக்கு உன்னை மாதிரி, அழுகை என்னை மாதிரி" என்றார். அதற்கப்புறம் ஒரு முறை நான், ஒரு முறை அவர். அவள் கொஞ்சம் வளர்ந்து பேசத் தெரிந்த பிறகு ஒரு நாள் நான் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"எம்மா, உனக்கும் அப்பாவுக்கும் சண்டையா?"

"இல்லியே. ஏன்டி கேக்கற?"

"ஸ்கூலுல கேக்கறாங்க. நீ வந்தா அவரு வர மாட்டேங்கறாரு, அவரு வந்தா நீ வர மாட்டேங்கற. பேசிக்க மாட்டீங்களா?"

நான் திரும்பி வந்து அவரிடம் இதைச் சொன்னேன். வழக்கம்போல எதையாவது சொல்லிச் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் அரவைக்குப் போய்விட்டார். அன்றைக்கு அவருக்கு வேலை முறைகூட இல்லை.

இருமல் முதலில் குளிர்காலத்தில்தான் வந்தது. பிறகு எல்லா மாசமும் இருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே மூச்சு பாதியில் அறுந்துவிடும், மீதி வார்த்தையைக் கையால் சொல்வார். ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில் போய்க் காட்டினார். நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், கடலூரில் சேர்ந்துவிடு, நுரையீரலில் தூசி இறங்கியிருக்கிறது, படுக்க வைத்துப் பார்க்க வேண்டும் என்றாராம். கூட ஒரு ஆள் கட்டாயம் இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்.

அதைத்தான் அவர் வந்து சிரித்துக்கொண்டே சொன்னார். "அங்கயும் ஆள் கேக்கறாங்க, இங்கயும் ஆள் கேக்கறாங்க. நாம ரெண்டே பேரு. எங்கடீ போறது ஆளுக்கு?"

நான் முதலாளியிடம் போய் நின்றேன். ராஜாங்கம் சத்தம் போடுகிற மனுஷர் இல்லை. உட்காரச் சொல்லித்தான் பேசுவார்.

"தாராளமா ரெண்டு பேரும் போங்கம்மா. ஒடம்புதான் முக்கியம். வேப்பூர்ல பொண்ணு இருக்குதில்ல? கொண்டாந்து வெச்சிட்டுப் போங்க. பெயிண்ட் அடிக்கட்டும். பொம்மைக்குக் கண்ணு எழுதறதுக்குச் சின்னக் கையிதான் நல்லா வருது."

இதை நான் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மூச்சு வரும்வரை காத்திருந்து, "எம் பொண்ணு காலு இந்தக் கேட்டுக்குள்ள படாது" என்றார். பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை. நான் அவரோடு கடலூருக்குப் போக வேண்டும், என் பெண் உள்ளே வரக் கூடாது. எனக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

அவருக்கு மாத்திரை வாங்க நான் ஊருக்குப் போய் வரிசையில் நின்றபோதுதான் சொர்ணாம்பாளைப் பார்த்தேன். தொழிலாளர் சங்கத்துக்காரம்மா. ஐம்பது வயசிருக்கும், கையில் துணிப்பையும் குடையும். மாத்திரை மடித்துக் கொடுத்த பேப்பரைப் பிரித்து நான் படித்துக்கொண்டிருந்தேன். பத்தாவது வரை படித்தவள் நான். கம்பெனியில் பொம்மை சுற்றுகிற பழைய பேப்பர்களைத்தான் படிப்பேன், அதனால் எந்தச் செய்தியும் எனக்குப் பழையதாகத்தான் வரும். அந்தம்மா எட்டிப் பார்த்து, "கிழிஞ்ச பக்கத்துல என்னாம்மா அவ்வளவு அக்கறை?" என்று கேட்டார். அப்படிப் பேச ஆரம்பித்தோம். அவர் கேட்கக் கேட்க எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஆள் வைக்கிறது என்று நான் சொன்னதும் அவர் குடையைக் கீழே வைத்தார்.

"எங்க தாத்தனுக்குத் தாத்தன் கை மாறுன ஆளு, தெரியுமா? அந்தக் காலத்துல நெலத்தை வித்தா கெணறு, மரம், ஆளுன்னு சேத்துச் சொல்லி விப்பாங்களாம். வாங்கறவரு மரத்தையும் தட்டிப் பாப்பாரு, ஆளையும் தட்டிப் பாப்பாரு. வெள்ளக்காரன் காலத்துலயே அது கூடாதுன்னு சட்டம் வந்துடுச்சு. எத்தினியோ பேரு எழுதி, கத்தி, சண்ட போட்டுத்தான் வந்துது. ஒடனே பேரை மாத்திட்டாங்க. அடிமையில்ல, படியாளுன்னாங்க. கடனுக்கு வேல செய்யறான்னாங்க. அதுவும் கூடாதுன்னு எழுபத்தாறுல இன்னொரு சட்டம். இப்ப உங்க கம்பெனியில என்னான்னு சொல்றாங்க?"

"ஆளுன்னு சொல்றாங்க."

"அதான். பேரைச் சின்னதாக்கிட்டாங்க" என்றார்.

நான் அதை வந்து இவரிடம் சொன்னேன். இவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நாம அடிமையா? என்னைப் பாத்தா அப்படியா தெரியுது? அடிமையின்னா அடிப்பாங்க. ராஜாங்கம் என்னைக்காவது கை நீட்டியிருக்காரா? நாம கொயவங்க. வேலைக்கு வந்திருக்கோம்." சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. முதுகைத் தடவிக்கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, அந்தம்மாவ எழுதிக் கொடுக்கச் சொல்லு. கடலூருக்குப் போவணும்ல" என்றார்.

சொர்ணாம்பாள் மனு கொடுத்தார். சித்திரையில் ஒரு நாள் ஜீப்பு வந்தது. வந்த அதிகாரியின் பேரோ ஆபீஸோ எழுத எனக்கு விருப்பம் இல்லை. கெட்டவர் இல்லை, வெயிலில் வந்திருந்தார், அவ்வளவுதான். பேக்கிங் கொட்டகையில் ஃபேனுக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். ராஜாங்கம் இளநீர் வெட்டச் சொன்னார். வீட்டுக்கு ஒரு ஆம்பிளையை மட்டும் கூப்பிட்டார்கள். நான் வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் பொம்மை சுற்றிக்கொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது.

"பேரு?"

"சிங்காரவேலுங்க."

"கொத்தடிமையா வெச்சிருக்காங்கன்னு மனு வந்திருக்குது. நீ கொத்தடிமையா?"

அவர் நிமிர்ந்து நின்றார். அது எனக்குத் தெரியும், இருமல் வருகிறவர் நிமிர்ந்தால் குரல் மாறும். "அடிமையெல்லாம் இல்லீங்க. கொயவருங்க. வேலைக்கு வந்திருக்கோம்."

"உள்ள அடைச்சு வெச்சிருக்காங்களா?"

"இல்லீங்க."

"வெளிய போவீங்களா?"

"போவோங்க."

"எங்கெல்லாம் போவீங்க?"

"மாசி மகத்துக்குப் போவோங்க. வருஷா வருஷம். மணிமுத்தாத்துல குளிச்சிட்டு, பழமலைநாதரைக் கும்பிட்டுட்டு வருவோம். வேப்பூருக்குப் போவோம். பொண்ணு அங்க படிக்குதுங்க. நல்லது கெட்டதுன்னா ஊருக்கும் போவோம்."

"யாராவது தடுத்தாங்களா?"

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷர். யாரும் அவரைத் தடுத்ததில்லை. ஒவ்வொரு முறையும் கொளஞ்சி கேட்டைத் திறந்துதான் விட்டார். "இல்லீங்க" என்றார்.

இரண்டு பேருமாகவா என்று அந்த அதிகாரி கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்ற வழியில்லை. பின்சுவர் இடிந்து கிடந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்து, "சுவரே இல்லியேய்யா, எவன் எவனை அடைச்சு வெச்சான்?" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. வைக்கோலைத் தள்ளிவிட்டு முன்னால் போனேன். "சார், நாங்க சேர்ந்து போனதில்ல சார். அவரு போனா நான் இருப்பேன். நான் போனா அவரு இருப்பாரு."

"நீ யாரும்மா?"

"அவரு சம்சாரம் சார்."

அதிகாரி சிரித்தார். கேலியாக இல்லை, வீட்டு மனுஷர் மாதிரிதான் சிரித்தார். "புருஷன் பொண்டாட்டி சேர்ந்து கோயிலுக்குப் போறதும் போகாததும் உங்க குடும்ப விஷயம்மா. அதுக்கெல்லாம் நான் சட்டம் போட முடியாது."

கொட்டகையே சிரித்தது. ராஜாங்கம், இளநீர் வெட்டியவர், வரிசையில் நின்ற ஜெயராஜ், எல்லோரும். என் வீட்டுக்காரரும் சிரித்தார். நாலு பேர் முன்னால் பெண்டாட்டி வந்து, என்னோடு கூட வர மாட்டேன் என்கிறார் என்று சொல்கிற மாதிரி ஆகிவிட்டதே, அந்த வெட்கம். ஜீப்பு போய்விட்டது.

சாயங்காலம் அவருக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுத்துக்கொண்டே நான் எடுத்துச் சொன்னேன். அவர் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் எதுவும் பொய் சொல்லலியே நாயகி. போயிட்டுதான வரோம்?"

"போவோம்னு சொன்னியேய்யா. நாம ரெண்டு பேருமாப் போறோம்னு அவரு எடுத்துக்கிட்டாரு."

அவருக்குப் புரிய நேரம் எடுத்தது. புரிந்த பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஆமா. அவங்க ஊருல போவோம்னா ரெண்டு பேருமாப் போவாங்க போலருக்குது."

அதற்கு அப்புறம் அவர் கொளஞ்சியிடம் விளையாடியதில்லை.

ஆனி மாசம் அவரால் படுக்க முடியாமல் போனது. உட்கார்ந்தபடியே தூங்கினார். நான் ராஜாங்கத்தின் காலில் விழுந்தேன். அவர் பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டார். "அதிகாரியே வந்து பாத்துட்டுப் போயிட்டாரு, இதுல என் தப்பு என்னாம்மா இருக்குது? பொண்ணைக் கொண்டாங்கன்னுதான சொல்றேன்" என்றார்.

கடைசியில் தனியாகப் போவதென்று என் வீட்டுக்காரரே முடிவு செய்தார். நீ போ, நான் இருக்கிறேன் என்று அவர் சொல்லியும் பார்த்தார். "நீ போய் பொண்ணுகூட இரு. நான் இங்க கெடக்கறேன். நான் உள்ள இருந்தாதான நீ வெளிய இருக்க முடியும்." நான் கேட்கவில்லை. வேப்பூரிலிருந்து அக்கா வந்து கடலூரில் கொஞ்ச நாள் கூட இருப்பதாகச் சொன்னாள். கேட்டு வரை நான் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே அவர் வாங்கிக்கொண்டார். கேட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவே நின்று நின்று போனார். நான் ஓடிப்போய்க் கைத்தாங்கலாகப் பிடித்துப் பஸ்ஸில் ஏற்றியிருக்கலாம். கொளஞ்சி பார்த்துக்கொண்டு நின்றார், ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கால் வரவில்லை.

அக்கா சில நாள்தான் இருக்க முடிந்தது. அவளுக்குக் கடை, பிள்ளைகள். அவள் ஊருக்குத் திரும்பியபோது அவர் சொல்லி அனுப்பினாராம்: "பக்கத்துக் கட்டிலுக்காரரு சம்சாரம் எனக்கும் சேத்து கஞ்சி வாங்கியாந்து தராங்க, கவலப்படாதன்னு நாயகிகிட்ட சொல்லு." கடலூரில் நல்ல காற்று வருகிறது என்றும், கடல் எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லை என்றும் சொன்னாராம்.

செய்தி ஒரு காலையில் ராஜாங்கத்தின் செல்போனுக்கு வந்தது. அவரே கொட்டகைக்கு வந்து சொன்னார். அப்போதுதான் நான் வரிசையாக அச்சுகளில் கூழ் ஊற்றி வைத்திருந்தேன். சொன்னது காதில் விழுந்தது. நேரம் தவறாமல் ஒவ்வொரு அச்சாகத் தூக்கிக் கூழைக் கொட்டினேன். கடைசி அச்சையும் கவிழ்த்து வைத்தேன். அதற்குப் பிறகுதான் கையைக் கழுவப் போனேன். மாரியம்மாள் ஓடிவந்து பிடித்துக்கொண்டாள்.

கேட்டுக்கு வந்தேன். கொளஞ்சி ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றார். அவர் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. துண்டை எடுத்து வாயை மூடிக்கொண்டார். ஆபீஸ் வாசலிலிருந்து ராஜாங்கம்தான் கேட்டார்.

"கொளஞ்சி, ஆளு?"

என்னிடம் இருந்த ஒரே ஆள் கடலூரில் கிடந்தார்.

"நான் இருக்கேன்" என்றாள் மாரியம்மாள். கையெல்லாம் கூழோடு வந்து எனக்கும் கேட்டுக்கும் நடுவில் நின்றாள். "எம் புருஷனுக்கும் நான்தான் இருக்கேன், இவளுக்கும் நான் இருக்கேன். கேட்டைத் தொற."

"காரியம் முடிஞ்சதும் வந்துடணும்மா" என்றார் ராஜாங்கம்.

உடம்பை வேப்பூருக்குத்தான் கொண்டுவந்தார்கள். அக்கா வீட்டு வாசலில் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். நான் அவர் தலைமாட்டில் உட்கார்ந்தேன். ஸ்கூலிலிருந்து சந்திரலேகாவைக் கூட்டிவந்தார்கள். யூனிஃபார்மோடு வாசலில் நின்று அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மறுபடியும் அவரைப் பார்த்தாள். எங்கள் இரண்டு பேரையும் ஒரே இடத்தில் அவள் பார்த்தது அன்றைக்குத்தான். எங்களில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போகாமல் தெருமுனையோடு நின்றுவிடுவது வழக்கம். நின்றேன்.

பதினாறாம் நாள் முடிந்ததும் நான் துணியை மடித்து வைத்தேன். அக்கா பையைப் பிடுங்கினாள்.

"எங்கடி போற? அந்த நரகத்துக்கா? இப்ப உன்னை அங்க கட்டி வைக்க யாரு இருக்கா? பொண்ணைப் பாத்துக்கிட்டு இங்கியே கெட."

"மாரியம்மாளை வெச்சிட்டு வந்திருக்கேன்க்கா."

"அவ உனக்கு மாமியாளா, நாத்தனாரா?"

இரண்டும் இல்லை. நான் போகாவிட்டால் அவளால் என்றைக்கும் வெளியே வர முடியாது, ஜெயராஜும் எங்கும் போக முடியாது. நான் பஸ் ஏறினேன். ஆனால் கம்பெனிக்குப் போகவில்லை. விருத்தாசலத்தில் இறங்கிச் சொர்ணாம்பாளைத் தேடிப் போனேன். அவர் என் நெற்றியைப் பார்த்தார். "ஐயோ எம்மா" என்று சொல்லி உட்கார வைத்தார்.

இந்த முறை மனு எழுதியது நான். எழுதியது மட்டுமில்லை, போய்ப் பேசியதும் நான். வேறு ஒரு அதிகாரி, சின்ன வயசுப் பெண். முதலில் அந்தப் பெண்ணுக்கும் புரியவில்லை. "போன தடவை விசாரிச்சப்ப எல்லாருமே வெளிய போவோம்னு சொல்லியிருக்காங்களேம்மா?" என்று கேட்டாள்.

"போவோம்னா ஒருத்தர் போறதும்மா. எங்க பேச்சுல அப்படி. எங்க வூட்டுக்காரரும் அதைத்தான் சொன்னாரு. நீங்க போய் இதை மட்டும் கேளுங்க. ஒருத்தர் போனப்ப இன்னொருத்தர் எங்க இருந்தாங்கன்னு கேளுங்க. வேற எதுவும் கேக்க வேணாம்."

அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அவரு இப்ப எங்க?" என்று கேட்டாள். சொன்னேன். மறுநாளே கிளம்பினாள்.

அவளோடு நானும் சொர்ணாம்பாளும் போனோம். அவள் ஆபீஸுக்குள் உட்காரவில்லை. இளநீரும் வேண்டாம் என்றுவிட்டாள். வரிசை வீடுகளுக்கு முன்னால் நின்று, ஆண்களைத் தனியாகவும் பெண்களைத் தனியாகவும் கூப்பிட்டு, நான் சொன்னதைத்தான் கேட்டாள்.

"மாசி மகத்துக்கு உங்க வீட்டுக்காரர் போனப்ப நீங்க எங்கம்மா இருந்தீங்க?"

"உள்ள."

"உங்க சம்சாரம் ஊருக்குப் போனப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"உள்ளங்க."

"உங்க அம்மா செத்தப்ப?"

"அவரு போனாரு. நான் உள்ள." செத்துப்போனது இதைச் சொன்ன பெண்ணின் சொந்த அம்மா. இவளுடைய புருஷன் போய் மாமியாருக்குக் கொள்ளி வைத்திருக்கிறார். கேட்டுக்கொண்டிருந்த அதிகாரிப் பெண் கொஞ்ச நேரம் தள்ளிப்போய் நின்றாள். ராஜாங்கம் ஏதோ சொல்ல வந்தபோது, "நீங்க பேசாதீங்க சார்" என்றாள். அவ்வளவு மெதுவாக ஒரு அதிகாரி பேசி நான் கேட்டதில்லை.

எல்லோரையும் விடுவித்தார்கள். அது சுனாமி வந்ததற்கு மறுவருஷம். அவர் போய் மூன்று மாசம்கூட ஆகவில்லை. அந்தப் பெண் ஒரு வருஷம் முன்னால் அங்கே வேலைக்கு வந்திருக்கலாம். முதல் அதிகாரிக்கு அந்தக் கேள்வி தோன்றியிருக்கலாம். எங்கள் பேச்சில் வேறு வார்த்தை இருந்திருக்கலாம். இப்படி நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், ஒரு பிரயோசனமும் இல்லை.

அன்றைக்கு ரோட்டில் வேன் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். கேட்டை இரண்டு பக்கமும் விரியத் திறந்து கல் முட்டுக் கொடுத்து வைத்தார் கொளஞ்சி. பாத்திரம், பாய், கோழி எல்லாம் தூக்கிக்கொண்டு ஆட்கள் கிளம்பினார்கள். நான் வேனுக்குப் பக்கத்தில் நின்றேன். வேன் நிறையவில்லை. திரும்பிப் பார்த்தால் வீட்டுக்கு ஒருவர் உள்ளேயே நிற்கிறார்கள். கேட்டுக்கு அந்தப் பக்கம், வரிசையாக.

"வாங்கம்மா எல்லாரும்! இன்னும் என்னா அங்க?" என்று சொர்ணாம்பாள் கத்தினார்.

"நீங்க போங்க" என்றாள் மாரியம்மாள். "அவரு போயிட்டு வரட்டும். நான் இருக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை. நான்தான் திரும்ப உள்ளே போனேன். அவள் கையைப் பிடித்தேன். அன்றைக்கு அதில் கூழ் இல்லை, காய்ந்து வெடித்திருந்தது. "முடிஞ்சிடுச்சுடி. வா" என்றேன். அவள் கொளஞ்சியைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு என்னோடு வந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள்.

ஜெயராஜ் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தார், எப்போதும் தனியாகப் போகிறவர் நடை. மாரியம்மாள் என் கையை உதறிவிட்டு, ஒரு கையில் குடமும் ஒரு கையில் புடவைக் கொசுவமுமாக அவருக்குப் பின்னால் ஓடினாள்.

"யோவ், நில்லுய்யா! நானும் வரேன்ல!"

அவர் நின்று திரும்பி, "ஆமால்ல" என்றார். குடத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

ஊரில் எந்தப் பெண்டாட்டியும் புருஷனிடம் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது சொல்கிற பேச்சு அது. எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் அதைச் சொன்னதில்லை. அவர் மூச்சு வாங்கி வாங்கி ரோட்டுக்குப் போன அன்றைக்காவது சொல்லிக் கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பார்.